தூண்டிலின் வரலாறு – 17: பட்டு நூலும் ஓர் இறகும்

1496ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் தெ வோர்டு அச்சிட்ட ஆங்கிலத் தூண்டில் நூலில் 12 செயற்கை ஈக்கள் பட்டியலிடப்பட்டிருந்தமை சென்ற அத்தியாயத்தில் விளக்கப்பட்டது. அப்பட்டியலின் முதல் ஈக்கு உடல் மங்கிய பழுப்புக் கம்பளி. சிறகு கௌதாரியின் இறகு. அந்தக் கௌதாரி இறகு அடுத்த 400 ஆண்டுகளில் இங்கிலாந்தின் வட மாவட்டங்களிலும் ஸ்காட்லாந்தின் தென் எல்லையிலும் எவ்வாறு மேலும் மேலும் குறைக்கப்பட்டு, இறுதியில் ஒரு தூண்டில் முள், சிறிதளவு பட்டு நூல், இரண்டே சுற்று இறகு என்னும் அளவில் வந்து நின்றது என்பதும், அவ்வளவு எளிய பொருள் ஏன் அவ்வளவு மீன் பிடித்தது என்பதும் இவ்வத்தியாயத்தின் பொருளாகும்.

டிரவுட் என்பது குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த ஓடுநீரை விரும்பும் மீன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து நீலகிரி ஓடைகளில் விடப்பட்டதால் தமிழகத்துக்கும் அது முற்றிலும் அறிமுகமற்றதன்று. ஐரோப்பாவின் ஆறுகளுக்கு உரியது பழுப்பு டிரவுட். அதன் உணவில் பெரும்பங்கு நீர்ப்பூச்சிகள். அவற்றுள் முதன்மையானவை ஆங்கிலத்தில் மே ஈ என்று பொதுவாக வழங்கும் பூச்சிக் குடும்பங்கள். இவை பெயரளவில்தான் ஈக்கள். முட்டையிலிருந்து வந்த இளம்பூச்சி ஆற்றின் கற்களுக்கடியில் பல மாதங்கள் வாழ்ந்து, உரிய பருவத்தில் நீர்ப்பரப்பை நோக்கி நீந்தி எழுந்து, அங்கே தன் பழைய தோலைக் கிழித்துச் சிறகுடன் வெளிவந்து, சில மணி நேரமோ ஓரிரு நாளோ மட்டும் காற்றில் வாழ்ந்து, முட்டையிட்டு மடியும். தோல் கிழியும் அந்தக் கணம் பூச்சியின் வாழ்வில் மிக ஆபத்தானது. பறக்கவும் இயலாது, நீந்தித் தப்பவும் இயலாது. டிரவுட் அக்கணத்துக்காகவே காத்திருக்கும். நீர்ப்பரப்பின் மேல் நிற்குமாறு கட்டப்படும் செயற்கை ஈயை மிதக்கும் ஈ என்றும், பரப்புக்குச் சற்றுக் கீழே அமிழ்ந்து செல்லுமாறு கட்டப்படுவதை மூழ்கும் ஈ என்றும் வகைப்படுத்துவர். இங்கே பேசப்படுவது இரண்டாம் வகையில் மிகச் சிறியதும் மிகப் பழையதுமான ஒரு கிளை.

யார்க்‌ஷயரின் வார்ஃப், நிட், யூர், ஸ்வேல் ஆகிய ஆறுகள் பென்னைன் மலைத்தொடரில் பிறந்து, கற்படுக்கைகளின் மீது விரைந்து ஓடி, மழை பெய்த சில மணி நேரத்திலேயே பெருகி, அதே விரைவில் வடிபவை. எல்லைப்புறத்து ட்வீட் ஆறும் அதன் கிளைகளும் ஏறத்தாழ அதே இயல்பின. இத்தகைய நீரில் மீனுக்குத் தன்னைக் கடந்து போகும் இரையை ஆராய நேரம் கிடையாது. கொள்வதா விடுவதா என்று நொடிப்பொழுதில் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே, பூச்சியின் ஒவ்வோர் உறுப்பையும் கண்முன் நிறுத்தும் சிற்பம் அங்கே தேவைப்படவில்லை. அளவு, நிறச்சாயல், அசைவு ஆகிய மூன்றும் சரியாக இருந்தாலே போதும். இம்மூன்றில் அசைவுதான் தலையாயது என்பதை அவ்வூர்க் கைவினைஞர்கள் நூல்கள் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டனர் என்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இறகுகளே சான்று.

அந்த ஈ கட்டப்பட்ட முறையைச் சற்று விரிவாகவே காண வேண்டும். 1880களில் காதுள்ள முட்கள் பரவும்வரை தூண்டில் முள்ளின் தலைப்பில் நூல் கோக்கும் துளை இல்லை. ஆகவே ஈயைக் கட்டத் தொடங்குமுன் முள்ளின் தண்டோடு ஒரு குதிரைமயிரையோ, பட்டுப்புழு நரம்பையோ சேர்த்து வைத்து நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டியிருந்தது. பட்டுப்புழு நரம்பு என்பது நூற்கப்பட்ட பட்டன்று; கூடு கட்டும் நிலையை அடைந்த புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் உடலிலிருந்து பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து இழுத்து நீட்டி உலர்த்திய ஒற்றை இழை. ஸ்பெயின் நாட்டின் முர்சியா இதற்குப் பெயர்பெற்றது. முட்களோ வூஸ்டர்‌ஷயரின் ரெடிச் நகரத்து ஊசித் தொழிலாளரின் கைவேலை. இவ்வாறு ஒரு விரல்நகத்தில் பாதியளவும் இல்லாத ஈயில் மூன்று தொழில்களின் உழைப்பு கூடியிருந்தது.

உடலுக்கு மெல்லிய பட்டு நூல் மட்டுமே. அதன் மீது செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் கருமெழுகைத் தேய்ப்பர். மெழுகு நூலுக்குப் பிடிப்பைத் தருவதோடு அதன் நிறத்தையும் மாற்றுகிறது. மஞ்சள் நூல் மெழுகு ஏறியதும் ஆலிவ் காயின் பசுமை கலந்த மங்கலான நிறத்தை அடைகிறது. நீரில் நனைந்ததும் பட்டு மேலும் ஆழ்ந்து, ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மையைப் பெறுகிறது. உயிருள்ள பூச்சியின் உடலும் அவ்வாறே ஒளியைத் தன்னூடே விடுவது. கம்பளியும் சாயமிட்ட மயிரும் தர இயலாத இந்த இயல்பைப் பட்டு தந்தது என்பதே அதனை விடாது பற்றிக்கொண்டதற்குக் காரணம். நூல் முள்ளின் வளைவுவரை செல்வதில்லை. முள்முனைக்கு நேர்மேலாக உள்ள இடத்திலோ, அதற்கும் முன்னதாகவோ நின்றுவிடும். சில ஈக்களுக்கு, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல் என்னும் சிறு விலங்கின் மயிரையோ, நீரெலியின் மயிரையோ நூலின் மீது ஒட்டியும் ஒட்டாமலும் முறுக்கிச் சுற்றுவர். அடியிலுள்ள பட்டின் நிறம் அந்த மயிரினூடே தெரிய வேண்டும் என்பது விதி. தெரியாவிட்டால் ஈ கெட்டது.

தலைப்பகுதியில் ஒரே ஓர் இறகை, அதன் இழைகள் சுற்றிலும் குடைக்கம்பிகள்போல் விரியுமாறு, ஒன்றரை அல்லது இரண்டு சுற்று சுற்றி முடிச்சிடுவர். இங்கேதான் இந்த மரபின் உயிர் இருக்கிறது. சேவலின் கழுத்திறகு விறைப்பானது; நீர்ப்பரப்பில் நின்று ஈயைத் தாங்கக்கூடியது; மிதக்கும் ஈக்கு உகந்தது. கௌதாரி, உள்ளான், தாழைக்கோழி, உப்புக்கொத்தி, ஸ்டார்லிங் ஆகிய பறவைகளின் இறகோ மென்மையானது. ஓடும் நீரில் இழைகள் பின்னே சாய்ந்து, நீரின் இழுப்பு சற்றுத் தளர்ந்ததும் மீண்டும் விரிந்து, மறுபடி சாயும். பழைய தோலிலிருந்து கால்களையும் சிறகையும் இழுத்துக்கொள்ளப் போராடும் பூச்சியின் துடிப்பைத் தூண்டிற்காரர் எந்த முயற்சியும் செய்யாமலே நீரோட்டம் அவருக்காக நடித்துக் காட்டுகிறது. இறகு மூன்றாவது சுற்று சென்றால் இழைகள் ஒன்றையொன்று நெருக்கி அசைவை இழக்கும். புதிதாகக் கட்டப் பழகுவோர் எல்லாக் காலத்திலும் செய்யும் பிழை இதுவே: குறைவாகத் தோன்றுவதைக் கண்டு மேலும் ஒரு சுற்றுச் சேர்ப்பது.

பெயர்கள் பொருளையே சொல்பவை. கட்டுமுறையை நினைவில் வைக்கும் வாய்பாடுகள் என்றும் கூறலாம். ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு’ என்றால் கௌதாரியின் பழுப்புப் புள்ளியிறகும் ஆரஞ்சுப் பட்டும். ‘ஸ்னைப் அண்ட் பர்ப்பிள்’ என்றால் உள்ளானின் கருஞ்சிறகிறகும் ஊதாப் பட்டும். குளிர்ந்த நாள்களில் எழும் இரும்புநீல நிறச் சிறு மே ஈக்கு இது நிகர். ‘வாட்டர்ஹென் புளோ’ என்பதில் தாழைக்கோழிச் சிறகின் உட்புறப் புகைநிற இறகும், மயிர் தூவிய மஞ்சள் பட்டும் அடங்கும். வசந்தத்தின் தொடக்கத்தில் எழும் கரும்பச்சை மே ஈக்கு இது உரியது. புளோ என்பது வடநாட்டு வட்டாரச் சொல். அடிபட்டுக் கன்றிய தோலிலும் மழைக்கு முந்திய வானிலும் காணப்படும் நீலச்சாம்பல் நிறத்தைக் குறிப்பது. அந்நிறத்துக்கென ஒரு தனிச்சொல்லை வைத்திருந்த மக்கள்தாம் அந்நிறத்து இறகையும் தேடிக் கண்டெடுத்தனர்.

அவ்வாறு தேடியதற்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைப்பது வரலாறு ஆகாது. டாட்டரல் என்னும் மலைவாழ் உப்புக்கொத்தியின் சிறகிறகு, நுனியில் வெளிர்மஞ்சள் விளிம்புடைய மென்சாம்பல் நிறம் கொண்டிருந்ததால், மஞ்சள் பட்டுடன் சேர்த்துக் கட்டப் பெரிதும் விரும்பப்பட்டது. மனிதரைக் கண்டு அஞ்சாத அப்பறவை இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் எளிதில் சுடப்பட்டு, 19ஆம் நூற்றாண்டிலேயே வட இங்கிலாந்தில் அரிதாயிற்று. தூண்டிற்காரர் பொன் உப்புக்கொத்தி, ஸ்டார்லிங் ஆகியவற்றின் இறகுகளுக்கு மாறினர். இன்று டாட்டரல் பிரிட்டனில் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் உள்ளது. மாற்று இறகுகளைக் கொண்டும் ஈ குறைவின்றி மீன் பிடித்தது என்பதைக் கருதும்போது, அத்தனை பறவைகள் மடிந்திருக்க வேண்டியதில்லை என்றே கூற வேண்டும்.

இந்த அறிவு முதலில் தங்கியிருந்தது அச்சு நூல்களில் அன்று, கையெழுத்துப் பட்டியல்களில். இல்க்லி நகரையடுத்த ஆஸ்ட்பியில் வாழ்ந்த ஜான் ஸ்வார்பிரிக் 1807இல் வார்ஃப் பள்ளத்தாக்கின் ஈக்களை எழுதி வைத்தார். எந்தப் பூச்சி எப்போது எழும், அதற்கு எந்த இறகு, எந்தப் பட்டு என்பதே இத்தகைய பட்டியல்களின் உள்ளடக்கம். விளக்கமோ வாதமோ இல்லை. ஆற்றங்கரையில் ஏற்கெனவே நிற்பவருக்காக எழுதப்பட்டமையால் விளக்கம் வேண்டப்படவும் இல்லை. ரிப்பன் நகரத்து மைக்கேல் தீக்ஸ்டனின் நூல் 1853இலும், யூர் ஆற்றங்கரை டான்ஃபீல்டு ஆலையைச் சேர்ந்த ஜான் ஜாக்சனின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1854இலும் அச்சுக்கு வந்தபோது, உள்ளூர் வழக்கு முதன்முறையாக வெளியூராரின் கைகளை எட்டத் தொடங்கியது.

ஆனால் நாடு முழுவதும் கேட்ட குரல் எல்லைக்கு அப்பாலிருந்து எழுந்தது. எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் ஸ்டுவர்ட் 1857இல் வெளியிட்ட ‘தி பிராக்டிகல் ஆங்லர்’ என்னும் நூல் பல பதிப்புகள் கண்டது. தாம் மிகுதியாக நம்பிய மூன்று ஈக்களைக் கருஞ்சிலந்தி, செஞ்சிலந்தி, சாம்பற்சிலந்தி என்று அவர் அழைத்தார். சிறகின்றி, சுற்றிலும் விரிந்த மெல்லிழைகளோடு காணப்படும் தோற்றத்தால் வந்த பெயரேயன்றி, அவை எட்டுக்கால் சிலந்தியைக் குறித்துக் கட்டப்பட்டவை அல்ல. கருஞ்சிலந்திக்கு ஸ்டார்லிங்கின் கழுத்திறகும் பழுப்புப் பட்டும் போதும். இதனைத் தமக்கு அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் பெய்லி என்னும் எல்லைப்புறத் தூண்டிற்காரர் என்று ஸ்டுவர்ட் பெயர் சொல்லி எழுதியிருப்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. அக்காலத்தில் அது வழக்கமன்று. 1854இல் ட்வீட் ஆற்றில் பிறந்து உலகப் புகழ்பெற்ற ‘கிரீன்வெல்ஸ் குளோரி’ என்னும் சிறகுள்ள மூழ்கும் ஈயைத் தம் விரல்களால் கட்டியவர் ஸ்ப்ரௌஸ்டன் ஊரின் ஜேம்ஸ் ரைட். பெயரோ அதைக் கட்டுமாறு கேட்ட திருச்சபைக் குருவான வில்லியம் கிரீன்வெல்லுக்குப் போயிற்று.

ஸ்டுவர்ட்டின் மற்றொரு பெரும் வலியுறுத்தல், ஈயை நீரோட்டத்துக்கு எதிராக, மேல்நோக்கி வீச வேண்டும் என்பது. டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகவே கீழிருந்து வருபவரை அது காண்பதில்லை. ஈயும் இழுக்கப்படாமல் உண்மைப் பூச்சிபோல் நீரின் போக்கிலேயே மிதந்து வரும். மீன் கொத்தியதும் தூண்டிலைச் சொடுக்கினால் முள் அதன் வாயை விட்டு விலகாமல் வாய்க்குள்ளேயே பதியும். கலங்காத நீர் இன்னும் முன்னே கிடக்கும். இக்காரணங்கள் ஒவ்வொன்றும் இன்றும் மறுக்கப்படாதவை. ஒரு கருத்தில் மட்டும் அவர் யார்க்‌ஷயர்ப் பட்டியல்காரரிடமிருந்து வேறுபட்டார். பூச்சிக்குப் பூச்சி ஈயை மாற்றத் தேவையில்லை, அளவும் பொதுச்சாயலும் போதும் என்பது அவர் கட்சி. மாதத்துக்கு மாதம், சில சமயம் வேளைக்கு வேளை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கட்டும் முறையில் இருசாராரும் வந்தடைந்த இடம் ஒன்றே என்பதால், இந்த வேறுபாடு அக்காலத்தார் கருதிய அளவுக்குப் பெரிதன்று.

எல்லோரும் இதே வழியில் சென்றனர் என்று கொள்ளவும் கூடாது. டெவன் மாவட்டத்துச் சரிவான ஓடைகளைப் பற்றி 1863இல் நூல் எழுதிய எச். சி. கட்க்லிஃப் என்னும் அறுவை மருத்துவர், அதே வேகநீருக்கு விறைப்பும் பளபளப்பும் மிக்க சேவலிறகே ஏற்றது என்றார். நீர் கொந்தளிக்கும் இடத்தில் மென்னிறகு முள்ளோடு ஒட்டிப்போகும் என்பது அவர் வாதம்; அவருடைய ஓடைகளுக்கு அது பொருந்தியிருக்கலாம்.

1885இல் லீட்ஸ் நகரத்து டி. இ. பிரிட் ‘யார்க்‌ஷயர் டிரவுட் ஃபிளைஸ்’ என்னும் நூலை வண்ணப் படங்களுடன் வெளியிட்டார். மறு ஆண்டே அது ‘நார்த் கன்ட்ரி ஃபிளைஸ்’ என்று பெயர் மாறி மறுபதிப்பாயிற்று. கைப்பிரதிகளில் சிதறிக் கிடந்த மரபு ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டது என்பது அந்நூலின் ஒரு பெருமை. அதைவிடப் பெரியது அவர் கூறிய ஒரு விளக்கம்: முழு வளர்ச்சியுற்ற பூச்சியைப் போலச் செய்து அதற்கு உயிர்ப்பும் ஊட்டுவது கடினம், நீர்ப்பரப்பை அடையப் போராடிக்கொண்டிருக்கும், இன்னும் முற்றாத பூச்சியின் சாயலை உண்டாக்குவது எளிது, வடநாட்டு மென்னிறகு ஈயை மீன் அவ்வாறே கொள்கிறது என்றார் அவர். ஏன் என்று கேளாமலே தலைமுறைகள் கட்டி வந்த ஒன்றுக்குக் காரணம் அச்சில் வந்துவிட்டது.

அது போதிய கவனத்தைப் பெறாமல் போனதற்குக் காலமே காரணம். பிரிட்டின் நூல் மறுபதிப்பான அதே 1886இல் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டின் மிதக்கும் ஈக்களைப் பற்றிய முதல் நூல் வெளிவந்தது; 1889இல் அவருடைய இரண்டாம் நூல் தொடர்ந்தது. தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சென் ஆறுகள் சுண்ணப்பாறையின் ஊற்றுகளால் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுபவை. தெளிந்த, மெதுவான அந்நீரில் சிறகு விரித்த பூச்சி நெடுந்தொலைவு மிதந்து செல்லும். மீனும் அதை நிதானமாக ஆராய்ந்து மேலெழுந்து கொள்ளும். அங்கே மிதக்கும் ஈ உண்மையிலேயே சிறந்த கருவி. ஹால்ஃபோர்டின் உழைப்பும் துல்லியமும் போற்றத்தக்கவை. ஆனால் ஒரு வகை நீருக்கு ஏற்ற முறை, அவரைப் பின்பற்றியோரின் கையில், எல்லா நீருக்கும் உரிய ஒழுக்கமாகிவிட்டது. மேலெழும் மீனைக் கண்ணால் கண்டு, அதற்கே மிதக்கும் ஈயை வீசுபவன் பண்புள்ளவன் என்றும், மூழ்கும் ஈயை வீசுபவன் குறுக்குவழிக்காரன் என்றும் ஒரு தரவரிசை எழுந்தது. செல்வர்கள் குத்தகைக்கு எடுத்த தென்னாட்டு ஆறுகளின் விதியால் வடநாட்டு உழைப்பாளிகளின் கலை அளக்கப்பட்டது அநீதியே.

அந்தத் தரவரிசையைத் தென்னாட்டிலிருந்தே அசைத்தவர் ஜி. இ. எம். ஸ்கியூஸ். லண்டனில் வழக்கறிஞராக இருந்து, வின்செஸ்டர் அருகே இட்சென் ஆற்றில் 1883 முதல் 1938 வரை மீன் பிடித்த அவர், பிடித்த மீன்களின் வயிற்றுள்ளடக்கத்தை வெளியே எடுத்து ஆராய்ந்து, அவை உண்டவற்றுள் பெரும்பகுதி சிறகு விரியாத இளம்பூச்சிகளே என்று கண்டார். 1910இல் ‘மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் தி சாக் ஸ்ட்ரீம்’ என்னும் நூலிலும், 1921, 1939ஆம் ஆண்டுகளின் நூல்களிலும் இளம்பூச்சி வடிவ ஈக்கொண்டு மீன் பிடிக்கும் முறையை வகுத்தார். 1938இல் லண்டன் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் இம்முறையின் தகுதி பற்றி விவாதமே நடந்தது.

இடையில் வடநாட்டார் தம் வேலையை நிறுத்தவில்லை. 1916இல் ஹார்ஃபீல்டு எட்மண்ட்ஸ், நார்மன் லீ இருவரும் பிராட்ஃபோர்டில் வெளியிட்ட ‘புரூக் அண்ட் ரிவர் டிரவுட்டிங்’ நூலின் 50 படிகளில், படத்துக்குப் பதிலாக உண்மையான ஈக்களும், அவற்றைக் கட்டப் பயன்படும் இறகும் பட்டும் மயிருமே தாளில் பதித்து வைக்கப்பட்டன. அச்சு மை காட்ட முடியாத புளோ நிறத்தை இறகாலேயே காட்டினர். அட்லாண்டிக்குக்கு அப்பால் பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் லைசென்ரிங், மென்னிறகும் மெழுகுப் பட்டும் கொண்ட மூழ்கும் ஈக்களைப் பற்றி 1941இல் எழுதிய நூல், அமெரிக்கா போரில் இறங்கிய வேளையில் வெளிவந்ததால் சிறிது காலம் மறக்கப்பட்டது. 1975இல் சில்வெஸ்டர் நீம்ஸ் ‘தி சாஃப்ட் ஹாக்கிள்டு ஃபிளை’ நூலை எழுதியபின், பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு அமெரிக்க ஆறுகளில் மீண்டும் இறங்கியது. 1994இல் லெஸ்லி மகீ வடநாட்டு மரபை விரிந்த நூலாகத் தொகுத்தார்.

சிறகு விரியாத பூச்சியைப் போலச் செய்து மீன் பிடிக்கும் முறை 1910இல் ஸ்கியூஸோடு பிறந்தது என்று எழுதுவது இன்றும் வழக்கமாக இருக்கிறது. அந்த முறைக்குப் பெயரும் கோட்பாடும் தந்தவர் அவர்; அந்தப் புகழ் அவருக்கே உரியது. முறையைக் கைகளால் கண்டுபிடித்தவர்கள் வார்ஃப், யூர், ட்வீட் கரைகளில் இருந்த பெய்லி போன்றோர். வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்கப்பட வேண்டும். ஸ்வார்பிரிக் எழுதிய பட்டியல் சரியாக 100 ஆண்டுகள் கழித்து 1907இல் அச்சேறியது. அப்போது ஸ்கியூஸின் முதல் நூல் வெளிவர இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன.